லாபம் வரும்போதே கடையை மூடலாமா?

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் 1954இல் தாத்தா தொடங்கிய காபிப்பொடிக் கடை எங்களுடையது. அப்பாவும் சித்தப்பாவும் பங்குதாரர்களாக நடத்தினார்கள். மூன்று வருடங்களுக்கு முன் அப்பா காலமானதும் புதுப் பங்குப் பத்திரம் (கூட்டு ஒப்பந்தம்) போட்டு, இப்போது நானும் சித்தப்பாவும். எனக்கு 57, அவருக்கு 74, கடையைத் தவிர வேறெங்கும் போய் அவருக்குப் பழக்கமில்லை. மகன் புனேயில் ஐடி வேலையில் இருக்கிறான், கடைப்பக்கம் வரமாட்டான். எனக்கு முழங்கால் போய்விட்டது. மூடிவிடலாம் என்றால் சித்தப்பா, “வருஷம் பதினோரு லட்சம் லாபம் வர்ற கடையை எவனாவது மூடுவானா?” என்கிறார். அவர் மகன் கடைப் பெயரை மட்டும் தனக்குக் கொடுங்கள், பாக்கெட் போட்டு ஆன்லைனில் விற்கிறேன் என்கிறான். கடை பகடி இடம் (மொத்தமாக ஒரு தொகை கொடுத்துச் சின்ன வாடகையில் குடியேறும் பழைய முறை), மாத வாடகை 640 ரூபாய், ரசீது இன்னும் தாத்தா பெயரில்தான். வீட்டுக்காரர் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். காலி செய்தால் நல்ல தொகை தருகிறேன், பாதி கையில் (ரொக்கமாக) என்கிறார். வேலையாட்கள் நான்கு பேர், ஒருவர் 30 வருடமாக இருக்கிறார். கல்யாணமாகி சென்னையில் இருக்கும் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மாவுக்கு 82 வயது, “நான் இருக்கிறவரைக்கும் ஷட்டர் இறங்கக் கூடாது” என்கிறார். கட்டிடம் எப்படியும் ரீடெவலப்மென்ட்டுக்கு (மறுகட்டுமானத்துக்கு) போகும், இப்போதைக்கு ஷட்டரை இறக்கிப் பூட்டி வைத்து அப்போது பார்த்துக்கொள்ளலாமா? எதை முதலில் செய்வது?

பதில்: சித்தப்பாவின் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் சொல்லாமல் மற்ற எதையும் உங்களால் நகர்த்த முடியாது. ஆடிட்டரான என் தொழிலில் மூடிய கடைகள் நிறையப் பார்த்தாகிவிட்டது. லாபம் வந்துகொண்டிருக்கும்போது மூடுகிறவர்களால் மட்டும்தான் வேலையாளுக்கும் கொட்டை வியாபாரிக்கும் பேங்குக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் முழுசாகக் கொடுத்துவிட்டுப் போக முடிகிறது. நஷ்டம் வரட்டும் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் யாருக்கு எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் உங்கள் கையைவிட்டுப் போய்விடும். அப்போது கடையை மூடும் தேதியைக்கூட வேறு யாராவதுதான் முடிவு செய்வார்கள்.

அந்தப் பதினோரு லட்சத்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அனுப்பிய கணக்கில் உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் சம்பளம் என்று ஒரு வரிகூட இல்லை. இரண்டு பேரும் காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கி இரவு எட்டு மணிக்கு இறக்குகிறீர்கள், அந்த வேலைக்கு வெளியாள் இரண்டு பேரை வைத்தால் ஆளுக்கு மாதம் 35,000 ரூபாயாவது தரவேண்டும். வருடத்துக்கு 8.40 லட்சம். மிச்சம் 2.60 லட்சம். சரக்கிலும் நிலுவையிலுமாக 22 லட்சம் முடங்கிக் கிடக்கிறது, அதை 7 சதவீதத்தில் டெபாசிட்டில் போட்டாலே 1.54 லட்சம் வட்டி வரும். அதையும் கழித்தால் கடை என்கிற கடை சம்பாதிப்பது ஒரு லட்சத்துச் சொச்சம், அதுவும் 640 ரூபாய் வாடகையில். பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் கடைக்காரர் என்ன வாடகை தருகிறார் என்று சித்தப்பாவையே விசாரிக்கச் சொல்லுங்கள், அந்த வாடகையைப் போட்டுப் பார்த்தால் இந்த ஒரு லட்சமும் நிற்காது. உங்கள் தாத்தா பேசி முடித்த வாடகையும் உங்கள் இருவரின் கூலியும்தான் இத்தனை நாளாக லாபம் என்ற பெயரில் கல்லாவுக்கு வந்துகொண்டிருக்கிறது. இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. பழைய வாடிக்கையாளர் குடும்பங்களில் பாதி முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் நவி மும்பைக்கும் போய்விட்டன, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே ஏதோ ஒரு பாக்கெட்டை வாங்கிக்கொள்கிறார்கள், மாதம் ஒரு தடவை மாட்டுங்கா வந்து இரண்டு கிலோ வாங்கிப்போகிறவர்களை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? போதாக்குறைக்கு 2024-25இல் கொட்டை விலை ஏறிய ஏற்றத்தில் அதே அளவு சரக்குக்கு எவ்வளவு கூடுதல் முதல் போட்டீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, மூடுவது என்று வைத்துக்கொள்வோம். எது முதலில் என்று கேட்டீர்கள். வீட்டுக்காரரும் ஜிஎஸ்டியும் அப்புறம். முதலில் அக்காவிடம் பேசுங்கள்.

பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தால், அப்பா காலமான வருடம் அவருடைய மூலதனக் கணக்கில் இருந்த தொகை முழுவதும் அப்படியே உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறது. இப்படித்தான் எல்லாக் கடையிலும் செய்கிறார்கள், எழுதுகிற கணக்குப்பிள்ளைக்கு அது ஒரு வரி வேலை. ஆனால் அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், 1956ஆம் வருட இந்து வாரிசு உரிமைச் சட்டப்படி அந்தப் பணம் அம்மா, அக்கா, நீங்கள் மூன்று பேருக்கும் சமம். அதோடு, இரண்டே பங்குதாரர்கள் இருந்து ஒருவர் இறந்தால் பழைய கூட்டு அன்றைக்கே கலைந்துவிட்டது, நீங்களும் சித்தப்பாவும் போட்டது புதுக் கூட்டு. அதனால் பழைய கூட்டில் அப்பாவுக்குச் சேரவேண்டியது என்ன என்ற கணக்கு இன்னும் முடிக்கப்படாமலே இருக்கிறது. அக்கா இதுவரை எதுவும் கேட்கவில்லை என்பது எனக்கும் புரிகிறது. கடை ஓடிக்கொண்டிருக்கும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். கடையை விற்று ஒரு பெரிய தொகை வருகிறது என்று மூன்றாம் மனிதர் மூலம் காதில் விழும்போதுதான் வருத்தம் வரும், அந்த வருத்தம் நியாயமானதும்கூட. நீங்களே போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள், கணக்கை அனுப்புங்கள். பங்கு வேண்டும் என்றால் கொடுங்கள், வேண்டாம் என்றால் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். வாய்வார்த்தையாக “எனக்கு ஒண்ணும் வேண்டாம்டா” என்று சொன்னதை வைத்துக்கொண்டு மேலே போகாதீர்கள்.

அம்மாவிடமும் இதே வழியில்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் அவரிடம் அனுமதி கேட்கிறீர்கள், அவர் மறுக்கிறார். அவரும் பணத்துக்கு உரிமையுள்ள ஒருவர் என்ற நினைப்பே உங்கள் கடிதத்தில் இல்லை. மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். கடைக்காரர் வீட்டில் இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவருக்குக் கணக்கு புரியாது என்று நினைக்காதீர்கள். எந்த வருடம் சீட்டுப் பணத்தில் கொட்டை வாங்கினார்கள் என்பதெல்லாம் உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அதன் பிறகும் வேண்டாம் என்று சொன்னால், அப்போது யோசிக்கலாம்.

அடுத்தது இடம். உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்த விஷயம் இதுதான், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்களிடம் இருப்பது கடையின் சொந்த உரிமை இல்லை, 1999ஆம் வருட மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பாதுகாக்கும் வாடகைதாரர் உரிமை. ரசீது தாத்தா பெயரில் இருப்பதே ஒரு பெரிய ஆபத்து இல்லை. வியாபார இடமாக இருந்தால், வாடகைதாரர் இறக்கும்போது அவரோடு அங்கே வியாபாரம் செய்துகொண்டிருந்த குடும்பத்தினருக்கு அந்த உரிமை போகும் என்று சட்டமே சொல்கிறது. தாத்தா காலத்திலேயே அப்பாவும் சித்தப்பாவும் கடையில் இருந்தார்கள், அப்பா காலத்தில் நீங்கள் இருந்தீர்கள். இதைக் காட்டப் பழைய பங்குப் பத்திரம், கடைப் பதிவுச் சான்று, வரிக் கணக்குகள், வாடகை கட்டிய செக் விவரம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் சேருங்கள். வீட்டுக்காரரோடு பேச்சு முற்றுவதற்கு முன்னால் சேர்த்துவிடுங்கள்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. “இப்போதைக்கு ஷட்டரை இறக்கிப் பூட்டி வைப்போம், கட்டிடம் எப்படியும் ரீடெவலப்மென்ட்டுக்குப் போகும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். நியாயமான காரணம் இல்லாமல் ஆறு மாதம் தொடர்ந்து, எதற்காக வாடகைக்கு எடுத்தோமோ அதற்குப் பயன்படுத்தாமல் இடத்தைப் பூட்டி வைத்தால், காலி செய்யச் சொல்லி வழக்குப் போட அதுவே வீட்டுக்காரருக்குப் போதுமான காரணம். தெரிந்தவர் யாருக்காவது மொபைல் கடை வைக்கக் கொடுத்துவிட்டு மாதாமாதம் பணம் வாங்கலாம் என்றால் அது உள்வாடகை, அதுவும் வெளியேற்றக் காரணம்தான். மாட்டுங்கா, தீவு நகரம் என்கிற பழைய மும்பைக்குள் வருகிறது, உங்கள் கட்டிடம் 1969க்கு முன் கட்டியது, பழைய கட்டிடங்களின் பழுதுபார்ப்புக்கான செஸ் வரி கட்டுகிற கட்டிடம். மறுகட்டுமானம் வந்தால் தகுதியுள்ள வாடகைதாரருக்குப் புதுக் கட்டிடத்தில் சொந்தமாகவே கடை கிடைக்க வாய்ப்பு உண்டு என்பது உண்மை. ஆனால் அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதுவரை அங்கே நிஜமாகவே வியாபாரம் நடந்துகொண்டிருக்க வேண்டும். 57 வயதில் முழங்காலோடு அதற்காகக் காத்திருக்கத் தெம்பு இருக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இருந்தால் காத்திருங்கள். பாதி மூடியும் பாதி திறந்தும் வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது.

காத்திருக்க வேண்டாம் என்றால் இரண்டு வழி. வீட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுத்து அவரிடம் தொகை வாங்கலாம், இல்லையென்றால் அவருடைய சம்மதத்தோடு வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். சம்மதத்துக்கு அவருக்கு ஒரு பங்கு தரவேண்டியிருக்கும். வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று பேசுவார்கள், ஆனால் எவ்வளவு என்பது பேரம்தான். இரண்டையுமே அந்த வாடகைச் சட்டம் அனுமதிக்கிறது, பகடி என்றாலே சட்டவிரோதம் என்று சிலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது பழைய கதை. எழுதிப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

“பாதி கையில்” என்ற பேச்சுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். ஒரே விவகாரத்துக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கொடுத்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை, மாட்டிக்கொள்வது வாங்குகிற நீங்கள்தான். வீட்டுக்காரருக்கு இது தெரியாமல் இருக்குமா என்ன?

வரிக் கணக்குக்கு வருவோம். பிரிவு எண்களை வேண்டுமென்றே விடுகிறேன். 2025ஆம் வருடப் புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் எண்கள் எல்லாம் மாறுகின்றன. வாடகை உரிமையைக் கொடுத்து வாங்கும் பணம் மூலதன ஆதாயம், நீண்ட கால ஆதாயத்துக்கு 12.5 சதவீதமும் மேலே சர்சார்ஜும் செஸ்ஸும். அடக்க விலை என்று கழிக்க உங்களிடம் அநேகமாக ஒன்றும் இருக்காது. தாத்தா 1954இல் ஏதாவது பகடி கொடுத்து அதற்குக் காகிதம் இருந்தால் அந்தத் தொகை, இல்லையென்றால் பூஜ்யம். 2001ஆம் வருடச் சந்தை மதிப்பை அடக்கமாக எடுத்துக்கொள்ளும் சலுகை நிலத்துக்கும் கட்டிடத்துக்கும் உண்டே தவிர வாடகை உரிமைக்குக் கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கையில் வரும் தொகையைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

பலரும் மறந்துவிடுகிற இன்னொன்று ஜிஎஸ்டி. வாடகை உரிமையை மாற்றிக் கொடுப்பதும் திருப்பிக் கொடுப்பதும் ஒரு சேவை, கடை போன்ற வியாபார இடத்துக்கு வரி உண்டு என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2018 மே மாதமே சுற்றறிக்கை போட்டுவிட்டது. 18 சதவீதம். ஒரு பேச்சுக்கு ஒரு கோடி என்று வைத்தால் 18 லட்சம். இதைத் தனியாகத் தருவதாக எதிராளி ஒப்புக்கொண்டாரா, இல்லை அந்த ஒரு கோடிக்குள்ளேயே அடக்கமா என்பது பேச்சு ஆரம்பிக்கும்போதே எழுத்தில் இருக்க வேண்டும். முதலில் ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்துவிட்டு அப்புறம் இடத்தைக் கொடுத்தால் தப்பிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரிடம் காபி வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு நீங்களும் சித்தப்பாவும் ஒரே பதில் சொன்னால்தான் நான் மேலே எதுவும் சொல்ல முடியும். அந்த வாடகை உரிமை யாருடையது? கூட்டு நிறுவனத்தின் சொத்தா, இல்லை உங்கள் இருவருடைய தனிச் சொத்தை நிறுவனம் பயன்படுத்திக்கொண்டிருந்ததா? பங்குப் பத்திரத்தில் அதைப் பற்றி வாசகம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். தனி ஆளுடையது என்றால், அந்தப் பணத்தில் குறிப்பிட்ட காலத்துக்குள் வீடு வாங்கி ஆதாய வரியைக் குறைத்துக்கொள்ள வழி இருக்கிறது, வாங்குவதற்கு இரண்டு வருடம், கட்டுவதற்கு மூன்று வருடம், உங்களுக்கு ஏற்கெனவே ஒரு வீட்டுக்கு மேல் இருந்தால் கிடையாது. கூட்டு நிறுவனத்துக்கு அந்தச் சலுகையே இல்லை. நிறுவனத்தின் சொத்து என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. “நீ பணத்தை எடுத்துக்கொள், நான் இடத்தை எடுத்துக்கொள்கிறேன்” என்று பங்குதாரர்கள் பிரித்துக்கொண்டால்கூட, விற்றதாகவே பாவித்துச் சந்தை மதிப்புக்கு நிறுவனத்தின் மேல் வரி விழும், 2021இல் வந்த திருத்தம் அப்படி. வெளியிலிருந்து ஒரு ரூபாய்கூட வராமல் வரி மட்டும் கட்ட வேண்டிய நிலை. ஆகவே இடத்தை யாருக்கு, எப்படி என்று உங்களுக்குள் கைகுலுக்கும் முன்னால் என்னிடமோ வேறொரு ஆடிட்டரிடமோ பத்திரத்தைக் காட்டுங்கள்.

பெயர் விஷயத்தில் என் கருத்து உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். தம்பிக்கு, அதாவது சித்தப்பா மகனுக்கு, கொடுத்துவிடுங்கள். நீங்கள் வைத்திருந்து என்ன செய்யப் போகிறீர்கள்? புழக்கத்தில் இல்லாத பெயரின் மதிப்பு வருடத்துக்கு வருடம் கரைந்துபோகும். பெயரும் நற்பெயரும் கூட்டின் சொத்து, அதனால் சும்மா கொடுக்காமல் ஒரு விலை வைத்து, கலைப்புப் பத்திரத்திலேயே எழுதிக் கொடுங்கள். விலை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, உங்கள் பங்கு அக்காவோடும் அம்மாவோடும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. அவன் தன் பெயரில் உணவுப் பாதுகாப்பு உரிமம் எடுக்கட்டும், காபிக்கான 30ஆம் வகுப்பில் வணிகச் சின்னம் பதியட்டும், பாக்கெட்டில் பழைய கடையின் முகவரியும் உங்கள் உரிம எண்ணும் இருக்கக் கூடாது. சிக்கரி கலந்தால் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு சிக்கரி என்பதைப் பாக்கெட்டில் போட வேண்டும் என்பதை அவனுக்கு நினைவுபடுத்துங்கள். கடையில் கண் எதிரே அரைத்துக் கொடுத்தபோது யாரும் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள், ஆன்லைனில் கேட்பார்கள். தாத்தா வைத்த கலவை விகிதத்தை அவனுக்குச் சொல்லித் தருவதா என்பது உங்கள் இஷ்டம். நான் என்றால் சொல்லித் தருவேன்.

வேலையாட்கள். கடையில் எப்போதாவது ஒரு நாளாவது பத்துப் பேர் வேலை பார்த்தார்களா என்று சித்தப்பாவைக் கேளுங்கள், வறுக்கிற இடமும் டெலிவரி பையன்களும் சேர்த்து. அப்படி இருந்திருந்தால் பணிக்கொடைச் சட்டம் ஒட்டிக்கொண்டுவிடும், பிறகு ஆள் குறைந்தாலும் விலகாது. என்றுமே பத்து வந்ததில்லை என்றால் அந்தச் சட்டப்படி கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாவிட்டாலும் கொடுங்கள் என்பேன். 30 வருடம் இருந்தவருக்கு இப்போது சம்பளம் 18,000 என்றால், அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 30 வருடத்தால் பெருக்குங்கள்: 3,11,538 ரூபாய். இந்தக் கணக்கு அவருக்கும் தெரியும், தெரியாவிட்டாலும் யாராவது சொல்வார்கள். மற்ற மூன்று பேருக்கும் சேர்த்து எவ்வளவு வருகிறதோ அதைக் கொட்டை வாங்கும் கணக்கிலிருந்து எடுத்து இப்போதே தனியாக ஒதுக்குங்கள், பகடிப் பணம் வந்ததும் தருகிறேன் என்று சொல்லாதீர்கள். மூடுவதற்கான நோட்டீஸும் இழப்பீடும் தனி விஷயம், தொழிலாளர் சட்டங்கள் புதுத் தொகுப்புகளாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்திருப்பதால் அதை ஒரு தொழிலாளர் சட்ட வக்கீலிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். வாடிக்கையாளருக்கு போர்டு வைப்பதற்கு முன்னால் இவர்களிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். வறுக்கிற ஆளுக்கு வேறு வேலை கிடைப்பது கஷ்டமே இல்லை, செம்பூரிலும் முலுண்டிலும் கை தேர்ந்த ஆளைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீங்களே இரண்டு போன் போட்டுச் சொல்லி வையுங்கள்.

நிலுவையை வசூலிக்க வேண்டிய நேரம் கடை திறந்திருக்கும் நேரம்தான். ஹோட்டல்காரர்களும் சமையல் கான்ட்ராக்டர்களும் நாளைக்கும் பொடி வேண்டும் என்பதால்தான் நேற்றைய பணத்தைத் தருகிறார்கள், கடை மூடிவிட்டது என்று தெரிந்த மறுநாளிலிருந்து போன் எடுக்கமாட்டார்கள். மூடுகிற பேச்சு வெளியே போகும் முன் ஒவ்வொருவரிடமும் “இன்ன தேதிக்கு இவ்வளவு பாக்கி” என்று கையெழுத்து வாங்கிவிடுங்கள். விற்ற சரக்குக்கான பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு, கெடு முடிவதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ கொஞ்சம் பணம் கொடுத்து அதை எழுதி வைத்தாலோ அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம்.

சரக்கு பெரிய தலைவலி இல்லை. பச்சைக் கொட்டை சீக்கிரம் கெடாது, சிக்மகளூரில் உங்களுக்குத் தருகிறவரோ பக்கத்து வறுவல்காரரோ எடுத்துக்கொள்வார். வறுத்ததைத்தான் அளவாகக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். பச்சைக் கொட்டைக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால் பதிவை ரத்து செய்யும்போது திருப்பிக் கட்ட வேண்டிய உள்ளீட்டு வரி (வாங்கும்போது கொடுத்து, பிறகு கழித்துக்கொண்ட வரி), மிச்சம் இருக்கிற கவர்களுக்கும் ஐந்து வருடத்துக்குள் வாங்கிய அரவை மெஷினுக்கும்தான் வரும். ரத்து ஆணை கையில் வந்ததும் மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்னைப் போட வேண்டும், இதை மறந்துவிட்டு அப்புறம் நோட்டீஸோடு வருகிறவர்கள் ஏராளம். கரன்ட் அக்கவுன்ட்டை அவசரப்பட்டு மூடாதீர்கள், ரீஃபண்டும் பாக்கியும் வந்துகொண்டே இருக்கும். கேஷ் கிரெடிட் என்கிற பேங்க் கடன் இருந்தால் அடைத்துவிட்டு, அடமானக் காகிதங்களையும் பாக்கி இல்லை என்ற சான்றையும் கையில் வாங்காமல் பேங்கைவிட்டு வெளியே வராதீர்கள். கணக்குப் புத்தகங்களை ஜிஎஸ்டிக்காக, வருடாந்தர ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

கலைப்புப் பத்திரத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. 1932ஆம் வருடக் கூட்டாண்மைச் சட்டப்படி, கூட்டு கலைந்தது என்று பொது அறிவிப்புக் கொடுக்கும்வரை ஒரு பங்குதாரர் செய்ததற்கு மற்றவரும் வெளியாட்களுக்குப் பொறுப்பு. உங்கள் கூட்டு பதிவு செய்தது, ஆகவே கூட்டுப் பதிவாளருக்கும் அரசிதழுக்கும் ஒரு மராத்தி நாளிதழுக்கும் அறிவிப்புப் போக வேண்டும். தம்பி அதே பெயரில் வியாபாரம் செய்யப்போகிற நிலையில் இது வெறும் சடங்கு இல்லை. அவன் நாளைக்குக் கடனுக்குக் கொட்டை வாங்கினால் வியாபாரி பழைய பழக்கத்தில் உங்கள் வீட்டு வாசலுக்கு வரக் கூடாது.

தேதி என்றால் மார்ச் 31ஐச் சொல்வேன். அன்றோடு வியாபாரம் முடிந்தால் அடுத்த வருடக் கணக்கு மிகச் சின்னதாகிவிடும். இடத்தை மாற்றிக் கொடுப்பதை ஏப்ரலில் வைத்துக்கொண்டால் வரி அந்த நிதியாண்டுக்குப் போய்விடும், வீடு பார்க்கவும் கொஞ்சம் மூச்சுவிடலாம். நடுவில் இருக்கும் அந்தச் சில வாரம் பூட்டியிருப்பதால் ஒன்றும் ஆகாது, ஆறு மாதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சித்தப்பா. அவருக்கு 74 வயது, கடையைத் தவிர வேறெங்கும் போய்ப் பழக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கூட்டு விருப்பம்போல் கலைக்கக்கூடியது என்பதால் எழுத்தில் ஒரு நோட்டீஸ் கொடுத்தாலே சட்டப்படி கலைந்துவிடும், அவர் சம்மதம் வேண்டியதில்லை. ஆனால் அந்த நோட்டீஸை எழுதாதீர்கள். எழுதினால் வாடகை உரிமையிலும் பெயரிலும் அவர் கையெழுத்துக்காக வருடக்கணக்கில் கோர்ட் வாசலில் நிற்க வேண்டிவரும். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொரு வழியும் இருக்கிறது, அதை அவரிடமே கேளுங்கள்: நீங்கள் விலகிக்கொண்டு, அவரும் அவர் மகனும் பங்குதாரர்களாக அதே இடத்தில் நடத்தட்டுமே? ஆன்லைனில் விற்க நினைப்பவனுக்கு வறுக்க ஒரு இடம் வேண்டும்தானே. கடை ஓடும், ஆறு மாதப் பிரச்சினை வராது, மறுகட்டுமானம் வந்தால் உங்கள் உரிமைக்கும் என்ன பங்கு என்பதை இப்போதே எழுதிக்கொள்ளலாம், உங்கள் மூலதனத்தை மூன்று வருடத் தவணையில் வாங்கிக்கொள்ளலாம். அம்மா சொன்னதும் நடந்த மாதிரி ஆகும். தம்பி இதற்கு என்ன சொல்கிறான் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். அவன் காலை ஏழு மணிக்கு ஷட்டர் தூக்கத் தயாரில்லை என்றால் சித்தப்பாவுக்கு நீங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

அவன் பதிலையும் பங்குப் பத்திரத்தின் நகலையும் பழைய வாடகை ரசீது இரண்டையும் அனுப்புங்கள், அதற்குள் வீட்டுக்காரர் கூப்பிட்டால் “குடும்பத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச வேண்டாம்.